அது சோதனைக்கு வராது

மகள் தரம் 10. போன ஞாயிறு யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று சொன்னதும் பிடித்துக்கொண்டாள்: "ஏனப்பா ரெண்டும் கலக்கேல்லை?" எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ரியூசனில் சேரிட்டைக் கேள் என்றேன். கேட்டிருக்கிறாள். "உது சோதனைக்கு வராது, பாஸ்ட் பேப்பரைச் செய்." முடிந்தது கதை.

பிறகு நானே தேடி வாசித்தேன். வராதாம்! அடர்த்தி என்ற பாடம் வேறென்ன? நன்னீர் லீற்றருக்கு 1000 கிராம், கடல்நீர் ஏறத்தாழ 1025. அந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் வருசம் முழுக்க ஓடும் ஆறில்லாத இந்த யாழ்ப்பாணக் குடாநாடு தண்ணீர் குடிக்கிறது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. தோட்டத்துக்கு மோட்டர் போட்டுக் கண்டபாட்டுக்கு இறைத்தால் உப்பு மேலே ஏறும். எங்கள் வீட்டுக் கிணற்றுக் கதை ஐயா இது!

சேரையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். தகரக் கொட்டகை, புழுக்கம், வாங்கு நிறையப் பிள்ளைகள். ஆனாலும் "நாளைக்குப் பார்த்துச் சொல்லுறன்" என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் போகும்?

இப்போது கேள்விகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறாள். நேற்று எட்டிப் பார்த்தேன். "கீரிமலைக் கேணி கடலுக்குப் பக்கத்தில்தானே, ஏன் உப்பில்லை?" அதன் கீழே, சிவப்புப் பேனையால்: "கேட்கக்கூடாது."