க்ரூஸ் கப்பல் செய்திகளில் விடுபட்டுப் போகும் பாதி

2020 டிசம்பர் 9 காலை 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பல், பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு சிங்கப்பூர் மரினா பே முனையத்துக்குத் திரும்பியது. எந்த ஊருக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டு வரும் நான்கு நாள் பயணம். 1,680 பயணிகள், 1,148 ஊழியர்கள். வயிற்றுப்போக்கு என்று கப்பல் மருத்துவரிடம் போன 83 வயதுப் பெரியவருக்கு அங்கேயே பிசிஆர் எடுத்தார்கள், கொரோனா என்று வந்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. மறுநாளே சிங்கப்பூர் சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது: தேசிய ஆய்வகத்தில் மறுபடி சோதித்துப் பார்த்தாயிற்று, அவருக்குக் கொரோனாவே இல்லை. இந்த இரண்டாவது செய்தி முதல் செய்தி போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை.

அதே ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று வந்ததையும் மறக்கவில்லை. அந்தப் பயம் நியாயமான பயம். நான் குறை சொல்வது பயத்தை அல்ல. பயத்தைச் சொல்லிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் போவதைத்தான். கப்பலில் ஒன்று நடந்தால் கேமரா அன்றைக்கே போகிறது. அது ஏன் நடந்தது என்ற விசாரணை அறிக்கை வருஷம் கழித்து வரும்போது ஒரு கேமராவும் இல்லை. பயணிக்கு உதவுவது அந்த அறிக்கைதான்.

இதற்குச் சரியான உதாரணம் 'கார்னிவல் ட்ரையம்ஃப்'. 2013 பிப்ரவரி 10, மெக்சிகோ வளைகுடா. அதிகாலையில் எஞ்சின் அறையில் தீ. தீ அணைந்தது, பயணிகள் யாருக்கும் காயமில்லை. ஆனால் கப்பலில் கரண்ட் போய்விட்டது. 4,200-க்கும் மேற்பட்டவர்களோடு அதை இழுவைப் படகுகள் இழுத்துக்கொண்டு பிப்ரவரி 14 இரவு அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஹெலிகாப்டரில் பறந்து மணிக்கணக்கில் நேரலை காட்டின. எதைக் காட்டினார்கள்? நிரம்பிய கழிப்பறையை, நடைபாதையில் கிடந்த மெத்தையை, சாண்ட்விச்சுக்கு நின்ற வரிசையை. பன்னிரண்டு வருஷம் தாண்டியும் அந்தக் கப்பலை ஜனங்கள் மலநாற்றத்தோடு சேர்த்துத்தான் நினைக்கிறார்கள். கப்பலுக்கு 2019-இல் பெயரே மாறி 'கார்னிவல் சன்ரைஸ்' ஆகிவிட்டது.

கழிப்பறை ஏன் நின்றது? க்ரூஸ் கப்பலில் இருப்பது விமானத்தில் இருப்பதைப் போன்ற வேக்குவம் டாய்லெட். தண்ணீர் தள்ளிக்கொண்டு போவதில்லை, குழாய்க்குள் இருக்கும் வெற்றிடம் உறிஞ்சிக்கொண்டு போகிறது. வெற்றிடத்தை உண்டாக்குவது மின்சாரப் பம்ப். கரண்ட் இல்லையென்றால் உறிஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை. சரி, அவசரகால ஜெனரேட்டர் இருக்குமே? இருக்கிறது. பயணிகள் கப்பலில் அது 36 மணி நேரம் ஓட வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால் அது அவசர விளக்கு, தகவல் தொடர்பு, தீயணைப்புப் பம்ப் மாதிரி உயிர் காக்கும் விஷயங்களுக்காக வைத்தது. ஆயிரக்கணக்கான கேபின்களின் கழிப்பறையும் ஏசியும் சமையலறையும் அதன் கணக்கிலேயே வராது.

தீக்குக் காரணம் ஒரு டீசல் ஜெனரேட்டரின் எரிபொருள் திரும்பி வரும் குழாயில் கசிவு என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொன்னது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. இரண்டு எஞ்சின் அறை உள்ள கப்பலில் ஓர் அறையில் பிடித்த தீ மொத்தக் கப்பலையும் எப்படி இருட்டாக்கியது? அந்தக் கேள்வியைத்தான் நேரலையில் கேட்டிருக்க வேண்டும். பிறகு கம்பெனி 30 கோடி டாலர் செலவில் தன் கப்பல்களை மாற்றுவதாக அறிவித்தது. ஒரு எஞ்சின் அறை போனாலும் மற்றதன் மின்சாரம் கிடைக்கும்படி சில மின்பாகங்களை மாற்றி அமைப்பது, கழிப்பறை, நல்ல தண்ணீர், லிஃப்ட் மூன்றும் ஓடுவதற்கு இன்னொரு அவசர ஜெனரேட்டர் வைப்பது. பார்த்த கோடிக்கணக்கானவர்களில் இது தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இன்னொரு விதியும் டிக்கெட் எடுப்பவருக்கு நேரடியாகப் பயன்படும். 2010 ஜூலை 1-க்குப் பிறகு கட்டத் தொடங்கிய பெரிய பயணிகள் கப்பல்களில், ஒரு பகுதியில் தீயோ தண்ணீரோ புகுந்து அந்தப் பகுதி முழுக்கப் போனாலும், கப்பல் சொந்த சக்தியில் துறைமுகம் திரும்ப முடிய வேண்டும். வரும் வழியில் பயணிகளுக்குக் கழிப்பறை, தண்ணீர், சாப்பாடு, வெளிச்சம் இருக்க வேண்டும். ட்ரையம்ஃப் 1999-இல் வந்த கப்பல், இந்த விதி அதற்குக் கிடையாது. கப்பலின் பெயரைத் தேடினாலே கட்டிய வருஷம் கிடைத்துவிடும். பழைய கப்பல் என்றால் கடைசியாக எப்போது உலர்துறையில் (கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுது பார்க்கும் இடம்) ஏற்றி என்னென்ன மாற்றினார்கள் என்று ஏஜென்டிடம் கேளுங்கள். பழைய கப்பல் எல்லாம் ஆபத்து என்று இதற்கு அர்த்தம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இது, அவ்வளவுதான்.

புதுக் கப்பல் என்றாலே பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 'வைக்கிங் ஸ்கை' 2017-இல் வந்த கப்பல். 2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் புயலுக்கு நடுவே எஞ்சின் நின்று பாறைகளை நோக்கி அடித்துக்கொண்டு போனது. 1,373 பேரில் 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். நாற்காலிகள் சறுக்கி ஓடும் வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அதைப் பார்த்தவர்கள் அலையால்தான் கப்பல் தவித்தது என்று நினைத்துக்கொண்டார்கள். நார்வே விசாரணை வாரியம் ஐந்து வருஷம் கழித்து 2024-இல் அறிக்கை கொடுத்தது: ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்களின் தொட்டிகளில் லூப் ஆயில் (எஞ்சினுக்கான மசகு எண்ணெய்) போதுமான அளவு இல்லை. கப்பல் ஆட ஆட, இருந்த எண்ணெயும் ஒரு பக்கம் ஒதுங்க, அழுத்தம் குறைந்து எஞ்சின்கள் தாமாக நின்றன. நான்கு ஜெனரேட்டர்களில் ஒன்று முன்பே பழுதாகிக் கிடந்தது. அந்த நிலையில் கப்பல் கிளம்பியிருக்கவே கூடாது. மனிதர்கள் சரியாகப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய கோளாறு. இதைத்தானே ஊடகம் கம்பெனிகளிடம் விடாமல் கேட்க வேண்டும்? அலை வீடியோ யாரையும் பொறுப்பேற்க வைக்காது.

அடுத்தது வாந்தி பேதி. வருஷத்துக்குப் பலமுறை வரும் தலைப்பு இதுதான்: சொகுசுக் கப்பலில் நூறு பேருக்கு நோய். அமெரிக்கத் துறைமுகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் கப்பல் ஒவ்வொன்றும், கரை சேர 24 முதல் 36 மணி நேரம் முன்பே, எத்தனை பேர் வயிற்றுக் கோளாறு என்று மருத்துவப் பிரிவுக்கு வந்தார்கள் என்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசிக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். ஒருவருக்கும் இல்லை என்றாலும் பூஜ்யம் என்று அனுப்ப வேண்டும். பயணிகளிலோ ஊழியர்களிலோ 2 சதவீதம் வந்தால் தனி அறிக்கை. 3 சதவீதம் தொட்டால் சிடிசி தன் இணையதளத்தில் கப்பல் பெயரோடு வெளியிடுகிறது. 3,000 பேர் போகும் கப்பலில் 3 சதவீதம் என்றால் 90 பேர்.

அந்த 90 ஒரே நேரத்தில் படுத்துக் கிடப்பவர்களின் எண்ணிக்கை அல்ல. பயணம் முழுக்கச் சேர்ந்த மொத்தம். முதல் நாள் வாந்தி எடுத்து மூன்றாம் நாள் நீச்சல் குளத்தில் இருப்பவரும் அதில் ஒருவர். இந்த வாந்தி பேதிக்குப் பெரும்பாலும் காரணமான நோரோவைரஸ் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளில் விட்டுவிடும். செய்தி வெளியாகும்போது கப்பலில் நோயாளிகள் பலர் குணமாகியிருப்பார்கள். 2024-இல் சிடிசி கணக்கில் இந்த அளவைத் தொட்டவை மொத்தம் 18 பயணங்கள். அந்த வருஷம் உலகம் முழுக்க க்ரூஸ் போனவர்கள் ஏறத்தாழ 3 கோடியே 46 லட்சம் பேர். அமெரிக்காவில் பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் கப்பலின் பங்கு ஒரு சதவீதம்தான் என்று சிடிசியே சொல்கிறது. பாதிக்கு மேல் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் நடக்கிறது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டு அதில் நாற்பது பேருக்கு மறுநாள் வயிறு போனால் யார் எண்ணுகிறார்கள்? அவரவர் வீட்டில் ஓஆர்எஸ் குடித்துச் சரியாகிவிடும். கப்பலில் எண்ணுகிறார்கள், அதனால் தெரிகிறது. எண்ணுகிற இடத்தைப் பார்த்து மிரண்டு, எண்ணாத இடத்தை நம்புவது சரியான கணக்கு இல்லை.

நோரோ கப்பலில் வேகமாகப் பரவும் என்பதும் உண்மைதான். ஒரே கைப்பிடி, ஒரே லிஃப்ட் பொத்தான், பஃபேயில் ஒரே கரண்டி, ஒரு வாரம் முழுக்க. மிகச் சில வைரஸ் துகள் உள்ளே போனாலே போதும். சாப்பாட்டு அறை வாசலில் இருக்கும் ஆல்கஹால் சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள், நோரோவுக்கு அது சரியாகக் கேட்காது. சோப்பும் தண்ணீரும், 20 விநாடி, நக இடுக்கு வரை. பஃபேயில் கரண்டி தொட்ட கையோடு உட்கார்ந்து பூரியைப் பிய்க்க வேண்டாம், தட்டை வைத்துவிட்டு ஒருமுறை கை கழுவிவிட்டு உட்காருங்கள். கையால் சாப்பிடும் நமக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். வயிறு சரியில்லை என்றால் மறைக்காமல் மருத்துவப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். கேபினில் அடைத்துவிடுவார்களே என்று பயந்து மறைப்பவர்களால்தான் அடுத்த ஐம்பது பேருக்கு வருகிறது. நின்ற பிறகும் 48 மணி நேரம் ஒதுங்கி இருப்பது நல்லது. நாலைந்து ஓஆர்எஸ் பாக்கெட் பெட்டியில் இருக்கட்டும்.

சிடிசி ஆய்வாளர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் கப்பலில் ஏறி, சுகாதாரத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. குடிநீர்க் குழாயின் கடைசி முனையில் 0.2 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 0.2 பங்கு) குளோரினாவது இருக்கிறதா, சூடான உணவு 57 டிகிரிக்குக் குறையாமலும் குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேல் ஏறாமலும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் குறைந்தது என்பது உட்பட முழு அறிக்கையும் இணையத்தில் இலவசம். நான் 90-க்குக் கீழே கண்டால் அறிக்கையைத் திறந்து காரணம் படிக்கச் சொல்வேன். சமையலறை ஓடு உடைந்ததற்குப் போன மதிப்பெண்ணும், குடிநீருக்குப் போன மதிப்பெண்ணும் ஒன்றல்ல. அமெரிக்கத் துறைமுகம் தொடாத கப்பல்களுக்கு இந்த மதிப்பெண் இருக்காது. சென்னையிலிருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கிய கார்டிலியா 'எம்ப்ரஸ்' கப்பலும் அப்படித்தான். அந்தக் கப்பலைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு முதலில் வந்து சேர்ந்ததே 2021 அக்டோபர் மும்பை போதைப்பொருள் சோதனைதான். 1990-இல் கட்டிய கப்பல், என்னென்ன வசதி, எந்த மாதத்தில் கடல் அமைதி என்றெல்லாம் எழுதியவர்கள் அன்று மிகக் குறைவு.

பயமுறுத்தும் செய்திகளால் வரும் உண்மையான நஷ்டம், பயணியின் பணத்தையும் உடம்பையும் நிஜமாகப் பாதிக்கும் விஷயங்கள் பேச்சிலேயே வராமல் போவது. அதில் முதலாவது மருத்துவச் செலவு. கப்பல் மருத்துவமனையில் டாக்டர் உண்டு, எக்ஸ்ரே உண்டு, ஈசிஜி உண்டு. பெரிய ஆபரேஷன் கிடையாது. பில் உங்கள் கேபின் கணக்கில் டாலரில் ஏறும். நம் ஊர் மெடிக்ளைம் பெரும்பாலும் அங்கே செல்லாது. நெஞ்சுவலி என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள் அல்லது ஹெலிகாப்டர். பாலிசி எடுக்கும்போது மூன்று வரி பாருங்கள்: கப்பல் பயணத்துக்குச் செல்லுமா, அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கு எவ்வளவு வரம்பு, முன்பே இருக்கும் பிபி, சுகருக்கு என்ன சொல்கிறது. பிபி, சுகரை மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் அன்று நிராகரிக்கப்படும்.

இரண்டாவது விசா. ஷெங்கன் நாட்டில் (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகள்) ஏறி, நடுவில் துருக்கியோ மான்டினீக்ரோவோ தொட்டுத் திரும்பும் கப்பலுக்குச் சிங்கிள் என்ட்ரி போதாது. ஏற விடாமல் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள், டிக்கெட் பணமும் திரும்பாது. சிங்கப்பூரில் ஏறுகிறவர்களும் மறுநுழைவு உண்டா என்று விசாவைப் பாருங்கள். கப்பல் கிளம்பும் அன்று காலை விமானத்தை நம்ப வேண்டாம், முதல் நாளே அந்த ஊருக்குப் போய்விடுங்கள். கரையில் இறங்கும் ஊர்களில் கப்பல் நேரம் ஒன்று, உள்ளூர் நேரம் ஒன்றாக இருக்கலாம். திரும்பி ஏறும் கெடு கப்பல் நேரப்படிதான், பொதுவாகக் கிளம்புவதற்கு அரை மணி முன்னால். சொந்தமாக ஊர் சுற்றப் போய்த் தாமதமானவருக்காகக் கப்பல் நிற்காது. புயல் வந்தால் கேப்டன் வழியை மாற்றுவார், ஓர் ஊரையே விட்டுவிடுவார். ஒப்பந்தத்தில் அதற்கு அனுமதி இருக்கிறது, துறைமுக வரி மட்டும் திரும்ப வரும். அந்த ஓர் ஊருக்காகவே போகிறீர்கள் என்றால் கப்பலைவிட விமானமே சரி. அட்லான்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரை, வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலால் வழி மாற வாய்ப்பு அதிகம்.

அமெரிக்கக் கம்பெனிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை டாலர் என்று சேவைக் கட்டணம் தனியாக வரும், பெரும்பாலும் குழந்தைக்கும் சேர்த்து. நால்வர் உள்ள குடும்பம் ஏழு நாளுக்கு இதை முதலிலேயே கூட்டிப் பார்த்துவிட வேண்டும். ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் கேபின் கேளுங்கள். மேலேயும் முன்னேயும் போகப் போக ஆட்டம் கூடும். தினசரி மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், ஏறும்போது கொடுத்த பெட்டி கேபினுக்கு வர மாலை ஆகிவிடும்.

கப்பல் கிளம்பும் முன்பு உங்கள் கேபின் எந்த அவசரக் கூடுமிடத்தைச் சேர்ந்தது என்று காட்டுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பலருக்கு, கூடுமிடத்துக்குப் போய்ப் பழகும் அவசரகாலப் பயிற்சியே இன்னும் நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அன்றைய விதி. 2015 ஜனவரி 1 முதல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் பாதுகாப்பு வீடியோவைப் போனிலேயே பார்க்கச் சொல்கிறார்கள். அதை ஓடவிட்டு பஃபேக்குப் போய்விடாதீர்கள். கேபினிலிருந்து கூடுமிடம் வரை படிக்கட்டு வழியாக உங்களோடு வந்த வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள். அவசர நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது.