இரண்டு காசுக்கு முந்தைய வசனம்

நான் குருப்பட்டம் பெற்று 25 ஆண்டுகள் ஆகின்றன. ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் முதல் 22 ஆண்டுகளும் அதைத் தவறாகவே பிரசங்கித்தேன். இதைப் பிரசங்க பீடத்தில் ஏற்கெனவே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இங்கேயும் எழுதி வைக்க வேண்டும் என்று மனது சொல்கிறது.

கட்டட நிதிக்கான ஞாயிறு வந்தால் எங்களில் பலருடைய கை தானாகவே மாற்கு 12-ஆம் அதிகாரத்தைத் திறக்கும். பணக்காரர்கள் மிச்சத்திலிருந்து போட்டார்கள், இந்த விதவையோ பிழைப்புக்கு வைத்திருந்ததையெல்லாம் போட்டுவிட்டாள், நீங்கள் எவ்வளவு போடப்போகிறீர்கள் என்று கேட்டால் போதும். காணிக்கைப் பை நிறைந்துவிடும். நானும் அப்படித்தான் கேட்டேன். தென்காசிப் பக்கம் ஒரு சேகரத்தில் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் வட்டம்) கோயிலின், அதாவது தேவாலயத்தின், கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த வாரமே ஓர் அம்மா குருமனைக்கு வந்தார். பீடி சுற்றிப் பிழைப்பவர், கணவர் இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து 6,000 ரூபாயை மேசையில் வைத்தார். அடுத்த ஞாயிறு பெயரைச் சொல்லாமல் அதை அறிவித்தேன். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. என் பிரசங்கம் கனி கொடுத்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

ஐப்பசி மழையில் வீடு சந்திக்கப் போனபோதுதான் தெரிந்தது, அது ஓடு மாற்றுவதற்காக அவர் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணம். கைமரம் செல்லரித்து, ஓடுகள் சரிந்து, வீட்டுக்குள் நான்கு இடத்தில் குடம் வைத்திருந்தார். நனையாத ஒரே மூலையில் பீடித் தட்டும் தூளும் இருந்தன. அவர் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்றால் சாரம் கட்டிய எங்கள் கோபுரம் தெரிந்தது.

"கோபுரம் எழும்பட்டும் ஐயா. என் வீட்டு மழை நாலு குடத்துக்குள் அடங்கிவிடும்" என்றார், சிரித்த முகத்தோடு.

அன்று இரவு வேதாகமத்தை எடுத்து அந்தப் பகுதியைக் கொஞ்சம் முன்னாலிருந்து வாசித்தேன். விதவை காணிக்கைப் பெட்டிக்கு வருவதற்குச் சற்று முன்னால் இயேசு என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? நீண்ட அங்கி தரித்துத் திரிந்து, சந்தைவெளியில் வணக்கத்தை விரும்பி, முதன்மையான இடம் தேடும் வேதபாரகரை, அதாவது வேதச் சட்டம் போதித்தவர்களை, குறித்து எச்சரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" நீண்ட ஜெபம் செய்கிறார்கள் என்றார். விதவைகளின் வீடுகளை! அந்த வார்த்தைகளின் ஈரம் காயும் முன்பே ஒரு விதவை வந்து தன்னிடம் இருந்த கடைசிக் காசையும் போட்டுவிட்டுப் போகிறாள். நீண்ட அங்கி என் அறையிலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்து வருவதையும் வாசியுங்கள். எருசலேம் கோயிலை விட்டு வெளியே வரும்போது ஒரு சீடர், "எவ்வளவு பெரிய கல், எவ்வளவு பெரிய கட்டடம்!" என்று வியக்கிறார். ஒரு கல்லின்மேல் ஒரு கல் மிஞ்சாது என்கிறார் இயேசு. இது 13-ஆம் அதிகாரத்தில் இருப்பதால் நாம் தனிக் கதையாக வாசிக்கிறோம். அதிகாரங்களைப் பிரித்தது 13-ஆம் நூற்றாண்டில்தான். மாற்கு எழுதியபோது நடுவில் அந்தக் கோடு இல்லை. அவள் காசு எந்தக் கோயிலுக்குப் போனதோ, அதே கோயிலைப் பற்றித்தான் பேச்சு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நல்ல சமாரியன் கதையை முடிக்கும்போது "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று இயேசு தெளிவாகச் சொல்கிறார். இந்த விதவையைக் காட்டி அப்படிச் சொல்லவில்லை. சீடர்களைக் கூப்பிட்டு, அவளைப் பார்க்கச் செய்தார். அவள் கொடுத்ததன் பெருமையையும் சொன்னார். அவளை வெறுங்கையாக அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று மட்டும் எங்கேயும் சொல்லவில்லை.

சேகரக் கமிட்டியில் பேசி அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அங்கே எனக்கு இரண்டாவது பாடம் காத்திருந்தது.

"கர்த்தருக்கு நான் கடனா கொடுத்தேன், திருப்பி வாங்க? இல்லாதவள் கொடுக்கக் கூடாது என்று எந்த வசனத்தில் இருக்கிறது ஐயா?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. நான் அவரை அவமதித்துவிட்டேன். ஏழை என்றால் வாங்க மட்டுமே தெரிந்தவர் என்று நினைப்பதும், அவர் கையில் இருப்பதைப் பறிப்பதைப் போலவே அவரைச் சிறுமைப்படுத்துவதுதான்.

சரி, காணிக்கை காணிக்கையாகவே இருக்கட்டும், கூரையைச் சபை பார்க்கட்டும் என்று முடிவு செய்தோம். "ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்றார் ஒரு கமிட்டி உறுப்பினர். கேட்கட்டும்! கேட்க முடியாவிட்டால் அது என்ன சபை? ஆதித் திருச்சபையின் முதல் நிர்வாகப் பிரச்சினையே அன்றாட உதவிப் பங்கீட்டில் சில விதவைகள் விடுபட்டுப்போனதுதான். அதற்காகவே ஏழு பேரைத் தனியாக நியமித்தார்கள் என்று அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. கோபுரத்துக்குக் கமிட்டி போட்ட நாங்கள் கூரைகளுக்கு ஒருவரைக்கூட நியமித்திருக்கவில்லை. இரண்டு சனிக்கிழமைகளில் வாலிபர்கள் அந்த வீட்டின் ஓடுகளைப் பிரித்துப் புதிதாக மேய்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு, ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியலில் தொகையை வாசிப்பதை நிறுத்தினோம். சில மாதங்கள் வரவு குறைந்தது உண்மை. கோபுரமும் தாமதமாயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. தொகையைச் சொன்னால்தான் வரும் பணம் எதற்காக வருகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் பிடி அரிசியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உலை வைக்கும் முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, நிறைந்ததும் கோயிலுக்குக் கொண்டுவருவது நம் பக்கத்தில் பாட்டிமார் கைக்கொண்ட வழக்கம். மிசோரமில் 1910 வாக்கில் பெண்கள் தொடங்கிய இதே வழக்கம் இன்றுவரை திருச்சபை ஊழியத்தைத் தாங்குகிறது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் ஆட்கள், நம் பணம் என்றுதான் ஊழியர்களைத் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு அனுப்பினார்கள். அதை முன்னின்று நடத்திய வெள்ளாளன்விளை அசரியா 1912-இல் டோர்னக்கல் பேராயரானார். இந்தியர் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயரானது அதுவே முதல் முறை. கோபுரம் காட்டி எழும்பிய ஊழியம் அல்ல அது.

பிடி அரிசியில் எனக்குப் பிடித்தது, அது அடுப்படியில் நடக்கிறது என்பது. பார்ப்பதற்கு ஆள் இல்லை. கலயத்தில் விழுந்த பிறகு எது யாருடைய அரிசி என்று பிரிக்க முடியாது. வீட்டில் அரிசி அளவு குறைந்தால் பிடியும் சிறுத்துக்கொள்ளும், வீட்டை விழுங்காது. எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு நாளும் சோறு பொங்கும் வேளையில் இன்னொரு வயிற்றை நினைக்க வைக்கிறது. விசுவாசம் என்று நான் இன்று புரிந்துகொள்வதில் பெரும்பகுதி அந்தக் கலயத்துக்குள் இருக்கிறது.

தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்' என்று காணிக்கையாக்கிவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு கண்டித்ததையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மருந்துச் செலவை நிறுத்திவிட்டு நன்கொடைக் கல்வெட்டில் பெயர் பொறிக்க யாராவது என்னிடம் வந்தால், முதலில் வீட்டுக்குத்தான் அனுப்புவேன்.

அந்த அம்மாவும் இப்போது மாதம் ஒரு முறை பிடி அரிசிக் கலயத்தோடு வருகிறார். போன வாரம் வந்தவர், தன் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டில் கைமரம் இற்றுப்போயிருக்கிறது, அவர்கள் நம் சபை இல்லை, ஆனாலும் மழைக்கு முன் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போய்ப் பார்த்தோம். நான்கு கைமரம் மாற்ற வேண்டும். வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கோயில் முன்னால் கூடுகிறோம். ஓட்டு வேலை தெரிந்தவர்கள் வந்தால் நல்லது. ஏணி இருக்கிறது.