அம்மாவின் பங்கு

பிப்ரவரி நெருங்கினாலே எங்கள் வீட்டில் ஓரியூர்ப் பேச்சு வந்துவிடும். தேவகோட்டையிலிருந்து திருவாடானை போய், அதையும் தாண்டிப் போனால் ஓரியூர். 1693 பிப்ரவரி 4 அன்று போர்ச்சுகலிலிருந்து வந்த குருவான புனித அருளானந்தரின் தலையை வெட்டிய இடம். அந்த மண் செக்கச்செவேல் என்று இருக்கும். அவர் சிந்திய ரத்தம் என்று சொல்லிக் கையளவு அள்ளி வருவோம். அம்மா அதை ஒரு பழைய குட்டிக்கூரா பவுடர் டப்பாவில் போட்டு, மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். யாருக்காவது காய்ச்சல் என்றால் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசுவார்.

போன வாரம் பூசையில் ஃபாதர் பிரசங்கம் வைத்தார். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு கேட்பதை எடுத்துச் சொன்னார். செட்டிநாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தேக்கு இவ்வளவு, ஆத்தங்குடிக் கல் இவ்வளவு, கொத்தனார் கூலி இவ்வளவு என்று எழுதிவைத்துக் கட்டிய ஊர்கள் இவை. ஐந்தொகை என்கிற வரவுசெலவுக் கணக்குப் போடாமல் இங்கே யாரும் அஸ்திவாரம் தோண்டியதில்லை. பிரசங்கத்தை அவர் முடித்தது இப்படி: "சீடராக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. அருளானந்தர் அந்த விலையைக் கொடுத்தார்."

கொடுத்தார்தான், சந்தேகமே இல்லை. 1686இல் இந்த மறவர் சீமையில், அதாவது ராமநாதபுரம் பக்கத்தில், பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, எப்படியோ உயிரோடு வெளியே வந்தவர். அடுத்து லிஸ்பனுக்குப் போனார். சிறு வயதில் அரண்மனையில் அவரோடு வளர்ந்த பேத்ரு அப்போது போர்ச்சுகல் ராஜா. அங்கேயே இருந்துவிடச் சொன்னார்கள். இருந்திருந்தால் பெரிய பதவி, நல்ல சாப்பாடு, கிழவனாகிப் படுக்கையில் சாவு. அவரோ 1690இல் திரும்பி வந்தார். அதே காவி, அதே மரக்கறிச் சோறு, அதே மறவர் சீமை. எதற்கு வருகிறோம் என்று தெரிந்தே வந்தார். எனக்கு அவருடைய சாவைவிட இந்தத் திரும்பி வந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. வெட்டுவதற்கு முதல் நாள் சிறையில் மை கிடையாது. கரியைத் தண்ணீரில் குழைத்து, ஒரு குச்சியால் தன் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அதில் பயமே தெரியாது.

ஆனால் அந்தக் கணக்கில் அவர் பெயர் மட்டும்தானா இருக்கிறது?

மறவர் சீமைத் தலைவர்களில் ஒருவரான சிறுவல்லித் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்று அருளானந்தர் சொன்னார். தேவரும் ஒப்புக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி, சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் சேதுபதியிடம் போய் முறையிட்டார். அதிலிருந்துதான் ஓரியூர் வெட்டு வந்தது. பாஸ்கா நாடகம் மாதிரி நம் ஊர்களில் இந்தக் கதையை நடிக்கும்போது கடலாயி எப்போதும் கண்ணை உருட்டிக்கொண்டு வருவார். சின்ன வயதில் நானும் கூட்டத்தோடு சேர்ந்து அவரைத் திட்டியிருக்கிறேன். இப்போது என்னால் முடியவில்லை. ஞானஸ்நானம் கேட்டது தேவர். ஒரே நாளில் வீடும் புருஷனும் இல்லாமல் போனது கடலாயிக்கு. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர் பழிவாங்கியது சரி என்று நான் சொல்லவில்லை. இந்த விலையில் ஒரு பகுதி அவர் தலையில் விழுந்தது என்பதையாவது நாம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் அப்பாவின் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் இப்படிப் பேசுகிறேன் என்று புரியும்.

அப்பா ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதினார். எந்த ஊர், யார் கடை என்பது இங்கே வேண்டாம். ஒருநாள் அவர் முன்னால் ஒரு புரோநோட்டை வைத்தார்கள். கீழே ஒரு விதவையின் கைரேகை. தொகை எழுதும் இடம், அந்த அம்மா ரேகை வைத்தபோது காலியாக இருந்தது. இப்போது அதில், வாங்கியதைப் போல மூன்று மடங்கு எழுதியிருந்தது. 'பணம் என் முன்னிலையில் கொடுக்கப்பட்டது' என்று அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். மறுநாளிலிருந்து வேலை இல்லை. அந்தக் கடையை மீறி வேறு யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை.

விசுவாசத்துக்காக உயிர் விட்டவரைக் கத்தோலிக்கர் நாம் மறைசாட்சி என்கிறோம், புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள் இரத்தசாட்சி என்கிறார்கள். இரண்டிலும் இருக்கிற சொல் சாட்சி. பொய்ச்சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு மனிதன் பேனாவை மூடியதும் அதே சொல்லுக்குள்தான் வரும் என்று நம்புகிறேன். அப்பா செய்தது சரி. நூறு தடவை கேட்டாலும் சரி என்றே சொல்வேன்.

அன்று ராத்திரி அம்மா கேட்டது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. "போடாட்டிப் போங்க, நல்லதுதான். நாளைக்கு அரிசிக்கு என்ன செய்யுறதுன்னு யோசிச்சீங்களா?" அப்பாவிடம் பதில் இல்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

பதில் அம்மாதான் கண்டுபிடித்தார். பெரிய வீடுகளில் கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால் பலகாரம் சுட ஆள் தேவைப்படும். பின்கட்டில் விறகடுப்பு மூட்டி விடிகாலையிலிருந்து தேன்குழலும் அதிரசமும் சீப்புச்சீடையும். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எண்ணெய் தெறித்த புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, பழையவை வெளுத்தும் புதியவை கறுத்தும் இருக்கும். நாங்கள் சாப்பிட்ட சோறு அந்தக் கையிலிருந்து வந்தது. அக்கா பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவுக்கு மாவு பிசையப் போனாள். நான் படித்தேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த நாலைந்து வருடத்தில் எங்கள் பங்கிலிருந்து, அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களிலிருந்து, ஒருவர்கூட ஒரு படி அரிசியோடு எங்கள் வாசலுக்கு வரவில்லை. விஷயம் எல்லோருக்கும் தெரியும். "பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். பிறகு அப்பா இறந்தபோது அதே கோயிலில், அதே ஆட்கள் முன்னால், அவரை உண்மைக்கு வாழ்ந்த சாட்சி என்று புகழ்ந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, அழுதேன். அம்மா முதல் வரிசையில், சேலைத் தலைப்பால் அந்தக் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரசங்கத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் ஆதங்கம் இதுதான். விலை கொடுங்கள், சிலுவையைச் சுமங்கள் என்று பீடத்திலிருந்து சொல்வது சரியே. நற்செய்தியே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஒருவன் உண்மையாக இருந்து வேலையை இழந்தால் அவன் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று கேட்க வேண்டியது யார்? ஆரம்பகாலச் சபையில் விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு ஒழுங்காகப் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகவே ஏழு பேரை நியமித்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்தான் ஸ்தேவான், முதல் மறைசாட்சி. பந்தி விசாரிக்க வைத்த ஆள்! இதை நாம் ஏன் சேர்த்துச் சொல்வதில்லை?

திருவிதாங்கூரில் கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளையை 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டபோது ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினோம். அவர் மனைவி ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்தில் தனியாக வாழ்ந்து முடித்தார். அவருக்கு எத்தனை சுவரொட்டி பார்த்தீர்கள்? ஒரிசாவில் 1999இல் ஆஸ்திரேலிய மிஷனரியான தன் கணவரையும் பத்து வயது, ஆறு வயது மகன்களையும் உயிரோடு எரித்த பிறகும், கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் குற்றவாளிகளை மன்னிப்பதாகச் சொன்னார், தொழுநோயாளிகளின் இல்லத்தை விட்டுவிடாமல் அங்கேயே தங்கினார். செத்தவர்கள் ஒரு நாளில் கொடுத்ததை இருப்பவர்கள் நாள் நாளாகக் கொடுக்கிறார்கள்.

எங்கள் பங்கில் இப்போதும் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குத்தான் கஷ்டம். கள்ளக் கணக்கு எழுத மறுத்து மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார். திருவிழாவுக்கு வசூல் நோட்டோடு அவர் வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். நான் நேற்று அவர் வீட்டுக்குப் போய் அவரிடம் பேசவில்லை, அவர் மனைவியிடம்தான் பேசினேன். பையன் பீஸ் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். ஃபாதரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். விழா வரவில் ஒரு பகுதியை இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒதுக்கப் பங்குப் பேரவையில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பேசுவார் என்று நம்புகிறேன், விடாமல் கேட்கவும் செய்வேன்.

அம்மாவுக்கு எண்பது ஆகப் போகிறது. இந்த வருஷமும் ஓரியூர் போக வேண்டும் என்கிறார். நடக்க முடியாது, வண்டி பிடிக்கப் போகிறேன், அக்காவும் வருகிறாள். அங்கே போய் என்ன கேட்பீர்கள் என்று நேற்று கேட்டேன். "கேக்க ஒண்ணுமில்லைப்பா. டப்பாவுல மண்ணு தீந்துபோச்சு" என்றார்.