பட்டுக்கோட்டையார் பாட்டு நிலைத்தது கருத்தால் மட்டுமா?
திரைப் பாடலாசிரியர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பற்றிய ஒரு கட்டுரை, 'அவர் வெற்றிக்குக் கருத்து ஒன்றே காரணம்' என்று முடித்துவிட்டது சரியில்லை. அதே கருத்தைச் சொன்னவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம், வாயில் நின்றது இவர் வரிதான். 'தூங்காதே தம்பி தூங்காதே' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: யாப்புக் கணக்கில் தேமாங்காய் (மூன்று நேரசை), தேமா (இரண்டு நேரசை), தேமாங்காய். எட்டு அசையில் ஆறு நெடில், 'தம்பி' மட்டும்தான் குறில். அதைப் பாடிய டி.எம்.எஸ். குரல் தாராளமாக நீள அங்கே இடம் இருக்கிறது. மெட்டு இழுக்கிற இடத்தில் குறில் விழுந்தால் பொருளே மாறிவிடும். 'விடு' என்பதை நீட்டினால் 'வீடு', 'கலை' என்பதை நீட்டினால் 'காலை'! வரிக் கடைசியில் குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கும் உகரம், வந்தாலும் தொல்லை, 'பாட்டு' என்பது 'பாட்டூ' ஆகிக் காதைக் குத்தும். 'சின்னப் பயலே' பாட்டில் 'சேதி கேளடா' என்று அவர் 'ஆ' என்ற நெடிலில் முடித்ததன் அருமை அங்கேதான் தெரியும். இன்று தத்தகாரத்தை, அதாவது மெட்டின் அளவைக் காட்டும் 'தன்னன்னா' போன்ற ஒலிக்கோவையை, வாங்கி எண்ணிக்கைக்குச் சொல் நிரப்புகிற பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான். அசைக் கணக்கு சரியாக இருக்கும், குறில் நெடில் இடம் மாறிக் கிடக்கும். அந்தக் கட்டுரைக்குப் பதில் எழுதிய ஒருவர், 'சின்னப் பயலே' பாட்டின் புகழைப் பட்டுக்கோட்டையார் கண்ணாரக் கண்டார் என்கிறார். இல்லை. அந்தப் பாட்டு இடம்பெற்ற 'அரசிளங்குமரி' படம் வந்தது 1961-இல், அவர் 1959 அக்டோபரிலேயே, 29 வயதில், போய்விட்டார்.