காட்டெருமைக்கு வெள்ளைக் கால்

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஓவியத் தேர்வில் மலைக்கு நீல வண்ணம் அடித்தாள். மலை பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். பள்ளி இருந்தது கோத்தகிரியில். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் எதிரே அடுக்கடுக்காக மலைகள், தூரம் போகப் போக நீலம். அவள் பார்த்ததைத்தான் வரைந்தாள். வீட்டுக்கு வந்து, "நான் தப்பாப் பாத்துட்டேனாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

இப்போது இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்தில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஓவியம் சொல்லித்தரப் போகிறேன். அங்கே ஓவிய ஆசிரியர் கிடையாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பகுதிநேரக் கலை ஆசிரியரைக் கேட்பதே 6 முதல் 8ஆம் வகுப்புவரைதான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் வகுப்பாசிரியர் தலையில். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கண்ணில் படுவதையெல்லாம் கைக்குக் கொண்டுவரத் துடிக்கும் வயது அதுதானே?

முதல் நாள், பிடித்ததை வரையுங்கள் என்றேன். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், ஒரு வீடு, பக்கத்தில் தென்னை மரம். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தென்னை ஏது? யாரோ வரைந்த படத்தைப் பார்த்துப் பார்த்து அதுவே கையில் உறைந்துவிட்டது.

அடுத்த வாரம் காட்டெருமை. இங்கே தேயிலைத் தோட்டத்தில் அதைப் பார்க்காத பிள்ளையே இல்லை. நான் பலகையில் ஒன்றை வரைந்து காட்டினேன், அது தவறு. எல்லோரும் அதையே பார்த்து வரைய ஆரம்பித்துவிட்டார்கள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் எழுந்து, "மிஸ், அதுக்கு முட்டிக்குக் கீழ வெள்ளையா இருக்கும். சாக்ஸ் போட்ட மாதிரி" என்றான். பலகையை அழித்துவிட்டேன். அவன் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, தாள் பளபளக்கும் அளவுக்கு உடம்பைக் கருப்பாக்கினான். தோளிலிருந்து எழும் மேடு பாதி முதுகு வரை வந்து சட்டென்று இறங்கியது. நான்கு கால்களை மட்டும் தொடவே இல்லை. தாளின் வெள்ளைதான் அந்த சாக்ஸ்.

அன்றைக்கு அவர்களுக்கு அல்டாமிரா கதையைச் சொன்னேன். வடக்கு ஸ்பெயினில் ஒரு குகை. 1879இல் சௌதுவோலா என்பவர் அங்கே தரையைத் தோண்டிக் கற்கருவிகள் தேடிக்கொண்டிருந்தார். கூடப் போன மகள் மரியாவுக்கு எட்டு வயது. அவள்தான் அண்ணாந்து பார்த்தாள். குகையின் கூரை முழுக்கக் காட்டெருமைகள்! ஆதி மனிதர்கள் இவ்வளவு நன்றாக வரைந்திருக்க முடியாது என்று அறிஞர்கள் மறுத்தார்கள், போலி என்றார்கள். அந்தப் பழியோடே 1888இல் அவர் இறந்துபோனார். அவரை மறுத்தவர்களில் முக்கியமானவர் தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டது 1902இல்.

"அந்தப் பொண்ணு எத்தனாங்கிளாஸ் மிஸ்?" என்று ஒரு குரல். "மூணாங்கிளாஸ் வயசு" என்றேன். பாதி வகுப்பு அப்படியே பள்ளிக்கூடக் கூரையை அண்ணாந்து பார்த்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு ஓவிய வரலாறு எதற்கு, புரியுமா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வருடத்தையும் பெயரையும் மனப்பாடம் செய்யச் சொன்னால் புரியாதுதான். தனக்கு முன்னால் ஒருவர் இதே போன்ற ஒரு மிருகத்தைப் பார்த்து இதே மாதிரி வரையத் தவித்தார் என்றால் எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

ஸ்பெயின் வரை போகவும் வேண்டாம். கோத்தகிரிக்குக் கீழே கரிக்கையூர் பக்கம் பொறிவரை என்ற இடத்தில், பாறை மேல் மனிதர்களும் விலங்குகளுமாக எத்தனை பழைய ஓவியங்கள்! வெள்ளரிக்கொம்பை என்ற ஊரில் குறும்பர் பழங்குடியினர் வேங்கை மரப் பிசினிலிருந்தும் இலைகளிலிருந்தும் நிறம் எடுத்து இன்றும் வரைகிறார்கள். பொறிவரையைப் பார்க்க வந்தவர்கள் பாறையில் கிறுக்கியும் கீறியும் பல ஓவியங்களைக் கெடுத்துவிட்டார்கள். அதில் படித்தவர்களும் இருந்திருப்பார்கள். எட்டு வயதில் யாராவது ஒரு நாள் சொல்லியிருந்தால் அந்தக் கை கொஞ்சம் தயங்கியிருக்காதா?

அப்புறம் தோடர் பழங்குடியினரின் பூத்தையல் வேலைப்பாடு. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியில் படம் வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி எண்ணியே சிவப்பும் கருப்புமாகப் போடுவார்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டும் இரண்டு வண்ணப் பென்சிலும் போதும், பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கணக்கென்றால் ஓடும் பிள்ளைகளும் கட்டங்களை விடாமல் எண்ணுகிறார்கள்.

அச்சடித்த யானைக்குக் கோடு தாண்டாமல் வண்ணம் அடிக்கும் புத்தகங்களை வாங்கித் தராதீர்கள். அதில் பிள்ளை எதையும் பார்ப்பதில்லை. வெள்ளைத்தாளைக் கொடுத்து வாசலில் உட்கார வையுங்கள். மலை நீலமாக வந்தால் விட்டுவிடுங்கள். பனி மூடிய நாளில் வெறும் தாளையே நீட்டினால், எங்கே நின்று பார்த்தாய் என்று கேளுங்கள்.

கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில், கடையில் ஒரு பக்கம் அச்சான தாள்கள் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும். வியாழக்கிழமைக்குள் சொன்னால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.