பெர்னிஸ் ராபின்சனின் முதல் வகுப்பு

அமெரிக்காவின் கறுப்பினப் பெண் ஆசிரியர்கள் மாணவர்கள்மேல் காட்டிய அக்கறையை ஒரு கற்பித்தல் முறை என்றே நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. ரொம்பச் சரி. அதை வெறும் தாய்ப்பாசம் என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். செப்டிமா கிளார்க் என்ற கறுப்பின ஆசிரியரையும் இங்கே சேர்க்க வேண்டும். கறுப்பர் உரிமைச் சங்கமான NAACPயை விட்டு விலக மறுத்ததால் 1956இல் தென் கரோலினாவில் அவருடைய ஆசிரியர் வேலை பறிபோனது.

அடுத்த ஆண்டே அதே மாநிலத்தின் ஜான்ஸ் தீவில், ஒரு கடையின் பின்னறையில், எழுத்தறியாத பெரியவர்களுக்கு வகுப்பு தொடங்கியது. பாடம் நடத்த கிளார்க் அழைத்தது தன் உறவுக்காரர் பெர்னிஸ் ராபின்சனை. பெர்னிஸ் அழகு நிலையம் நடத்தியவர், ஆசிரியர் பயிற்சி எதுவும் இல்லை. கையோடு கொண்டுபோன குழந்தைப் பாடங்கள் அந்தப் பெரியவர்களுக்கு ஒத்துவராது என்று புரிந்ததும் ஓரமாக வைத்துவிட்டார். அப்புறம், என்ன கற்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார். பெயரை எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது. அவரவர் பெயரை அட்டையில் எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே பென்சிலை ஓட்டி ஓட்டிப் பழகச் சொன்னார். அந்தக் கைகள்தான் பிறகு வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டன.