பற்றவைக்காத பைப்

என் பழைய அலுவலகத்தில் மீட்டிங் ஒரு மணி நேரம் ஓடும், எதுவும் முடிவாகாது. அப்புறம் ஆண்கள் நாலைந்து பேர் கீழே டீக்கடைக்குத் தம் அடிக்கப் போவார்கள். மேலே வரும்போது யாருக்கு எந்த வேலை என்பது முடிவாகியிருக்கும். பெண்கள் நாங்கள் சீட்டிலேயே உட்கார்ந்திருப்போம்.

இன்றைய ஜெர்மனிப் பக்கம் இருந்த பிரஷ்யா நாட்டை 1713 முதல் 1740 வரை ஆண்ட முதலாம் ஃபிரெட்ரிக் வில்லியம் நடத்திய புகையிலைச் சபையைப் பற்றிப் படித்தபோது அந்த டீக்கடைதான் ஞாபகம் வந்தது. மாலையானால் தளபதிகளும் அமைச்சர்களும் கூடுவார்கள். நீண்ட களிமண் பைப், பீர், ரொட்டி, பாலாடைக்கட்டி. அரசவைச் சம்பிரதாயம் எதுவும் கிடையாது. பெண்களுக்கும் இடம் கிடையாது. இத்தனைக்கும் அவருடைய அப்பா காலத்துச் சபையில் பெண்கள் இருந்தார்கள். 1710 வாக்கில் லைகெபே வரைந்த ஓவியத்தில் ராணியே கணவரின் பைப்பைப் பற்றவைக்கிறார். மகன் பட்டத்துக்கு வந்ததும் அது போய்விட்டது. ஆண்கள் மட்டும் கூடுவது பழங்காலத்திலிருந்தே வந்த வழக்கம் என்று யாராவது சொன்னால் இந்த ஓவியத்தைத்தான் காட்டுவேன்.

ஆஸ்திரியத் தூதர் செக்கன்டார்ஃபுக்குப் புகைப்பழக்கமே இல்லை. ஆனாலும் பற்றவைக்காத பைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். மன்னரின் காது அங்கேதானே கிடைக்கும்! 1726இல் ஆஸ்திரியாவுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே வுஸ்டர்ஹவுசன் ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவர் அவர்தான். எங்கள் அலுவலகத்திலும் தம் அடிக்காத ஒருவர் டீ கிளாஸோடு தினமும் அவர்கள் பக்கத்தில் நிற்பார். ஒருநாள் நானும் போய் நின்றேன். பேச்சு சட்டென்று நின்றுபோனது.

சரி, உள்ளே போய்விட்டால் மட்டும் மரியாதை கிடைத்துவிடுமா? குன்ட்லிங்கை நினைத்தால் மனசு கனக்கிறது. வரலாற்று அறிஞர், பெர்லின் அறிவியல் கழகத்தின் தலைவர். அந்தச் சபையில் செய்தித்தாள்களைப் படித்து விளக்குவது அவர் வேலை. அவரைக் குடிக்கவைத்து, அவமானப்படுத்தி, இரவுக்கு இரவு சிரித்தார்கள். தப்பி ஓடியவரைத் திரும்பப் பிடித்து வந்தார்கள். 1731இல் அவர் செத்த பிறகும் விடவில்லை. சவப்பெட்டிக்குப் பதில் ஒயின் பீப்பாயில் வைத்துப் புதைத்தார்கள். பாதிரியார்களே அந்தச் சடங்குக்கு வர மறுத்துவிட்டார்கள்.

இதை மன்னரின் முரட்டுத்தனமான வேடிக்கை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் நாட்டின் பெரிய மனிதர்கள். அவர்களில் ஒருவராவது "போதும்" என்று சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை.